அடுக்கு: கலைந்தது

எர்ணாவூரில், ரேஷன் கடைக்கு மேலே
வாடகை அறை. நாளுக்கு எழுநூறு.
பழைய பல்பிரஷ்ஷால் பானை ஓடு கழுவுவது என் வேலை.

முப்பத்தெட்டு: கறுப்பு சிவப்பு. வயிற்றுப் பகுதி.
முப்பத்தொன்பது: சிவப்பு. உள்ளே சக்கரம் சுற்றிய வரி.
நாற்பது: பானையே அல்ல, கூரை ஓட்டின் மூலை,
கம்பெனிப் பெயரில் பாதி. தனியாக வை.

எல்லாம் கழிமுகச் சேற்றில்
இறால் தடவும் தேசம்மாள் கைக்கு அகப்பட்டவை.
இடுப்பளவு நீரில் குந்தி நகர்கிறவள்.
பறியை வாயில் கடித்திருப்பதால்
எங்கே எடுத்தது என்று கேட்டால்
தலையை மட்டும் அசைப்பாள்: அங்கே.
அந்த அங்கே
என் வரைபடத்தில் இல்லை.

சேறு நொடியில் கரைந்துவிடும்.
கரையாதது சாம்பல்.
அனல்மின் குழாய் உடைந்து உடைந்து படிந்தது,
சிமெண்ட் போல ஓட்டைக் கவ்வியிருக்கிறது.
இரண்டாயிரம் வருஷம், இருக்கலாம்,
மூன்று தேய்ப்பில் போய்விட்டது.
என் காலத்தைத்தான் சுரண்ட முடியவில்லை.
'படிவு: சாம்பல் நிறம்' என்று எழுதினேன்.

நாற்பத்தொன்று. விளிம்பு.
வட்டம் வரைந்த தாளில் வைத்தேன்: விட்டம் இருபத்திரண்டு.
புகைக்கரி இல்லை. அடுப்பேறாத பானை.
முறிவை ஒட்டி ஒரு துளை.
கல் பட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன்.
லென்ஸ் வேறு சொன்னது:
வெளியே அகலம், உள்ளே குறுகல்.
சுட்ட பிறகு, அவசரமில்லாமல், துருவியது.
மறுபக்கத்தில் இதற்கொரு ஜோடி இருந்திருக்கும்.
விரிசல் விட்டதை வீச மனமில்லாமல்
யாரோ கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.
இனி அதில் தண்ணீர் நிற்காது.
நெல் நிற்கும். கருவாடு நிற்கும்.

கரண்ட் போனது.
சரக்கு ரயில் ஒன்று முடியாமல் போய்க்கொண்டிருந்தது,
ஜன்னல் கம்பியெல்லாம் நடுக்கம்.

படியில் செருப்புச் சத்தம். தேசம்மாள்.
ஓட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"பக்கெட்ட குடு. விடிகாலைல தண்ணி வடியும்,
எறாவுக்குப் போவணும்."

மிச்சத்தைச் செய்தித்தாளில் கொட்டினேன்.

பெயின்ட் வாளி. ஆரஞ்சு, வெயிலில் வெளுத்தது.
விட்டம் இருபத்தெட்டு இருக்கும்.
விளிம்பிலிருந்து ஒரு சாண் விரிசல்.
இரு பக்கமும் ஆணி காய்ச்சிப் போட்ட துளைகள், ஆறு ஜோடி.
பச்சை நைலான் வலைநூல், குறுக்கு மறுக்காக.

அவள் இறங்கிப் போய்விட்டாள்.
நாற்பத்தொன்றுக்கு ஒரு கட்டம் மட்டும் பாக்கி:
எந்த அடுக்கில் கிடைத்தது.
எப்போதும் எழுதுவதையே எழுதினேன்,
கலைந்தது.