விதி ஒன்பது

உருளைக்கிழங்குச் சீட்டு வழங்கும் அறை இது.
சென்ற நவம்பர் வரை
ஹால்டன்ரீட் வம்சத்து நீர்நாய் வீரர் அணியின் செயலகம்.
மேசை அதே மேசை. மைக்கூடும் அதே.
சிற்றரசர் படம் இருந்த இடம் மட்டும்
வெளுத்த நீள்சதுரமாய்
சுவரில் இன்னும் மாட்டியிருக்கிறது.

வரிசையில் பதினான்காவதாக
வால்புர்கா ட்ஸெங்கர் வந்தாள்.
சாக்கு இல்லை, கூடை இல்லை.
கைக்குட்டையை அவிழ்த்தாள்:
ஒரு சிலுவை, மூன்றாம் வகுப்பு,
நடுவில் நீலப் பூச்சில் நீர்நாய்,
அதைச் சுற்றி லத்தீனில் 'அசையாதே'.

"வீட்டுக்காரர் போய் முப்பத்தெட்டு நாள்.
நாற்பதுக்குள் திருப்பித் தரணுமே,
விதி ஒன்பது."

விதி ஒன்பதைப் படியெடுத்தவனே நான்தான்,
வளைத்து வளைத்து, அறுபது பிரதி.
அணி மொத்தம் பத்தொன்பது மாதம் இருந்தது.
பல் முளைத்து, நடை பழகி,
பேச்சு வருமுன் போய்விட்ட பிள்ளை.
பெற்றவர் இரவு ரயிலில் ஏறினார்
தபால்தலை ஆல்பங்களோடு.
'அசையாதே'யை எங்களிடம் விட்டுவிட்டு.

வெள்ளிகூட இல்லை அது. முலாம்.
நகைக்காரர் ப்ரெல்லிங்கின் பாக்கிச்சீட்டு
இதே இழுப்பறையில்தான் கிடக்கிறது.
நான் சொல்லவில்லை.

எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.
"வெள்ளத்தன்று ராத்திரி முழுக்க
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மதகைத் தூக்கினார்.
கீழ்த்தெரு தப்பியது.
அதற்கில்லை.
அரண்மனை வேட்டைநாய் ஒன்று மிதந்து வந்தது.
பிடித்துக் கட்டினார். அதற்கு."

பின்னால் யாரோ இருமினார்கள்.

"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா,
கேட்க ஆளில்லை இனி."
"கேட்காவிட்டால்?
கையெழுத்துப் போட்டாரே."

ரசீது வேண்டும் என்றாள்.
பழைய முத்திரையைப் போன வாரம்தான்
அரத்தால் ராவி மழுக்கியிருந்தோம்.
கிழங்கு முத்திரையை எடுத்தேன்,
மை தொட்டு, ஒருமுறை ஊதி, அழுத்தினேன்.
படிவத்தில் இருந்த கட்டங்களை
இருந்தபடியே நிரப்பினேன்:
பெறப்பட்டது, ஒன்று.
எடை, குறிக்கத்தக்கதல்ல.
அழுகல், இல்லை.

உதடசைத்துப் படித்தாள். இருமுறை.
நாலாய் மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
கதவு வரை போனவள் திரும்பினாள்.

"கைக்குட்டை என்னுடையது."

கொடுத்தேன். சிலுவையை
ப்ரெல்லிங்கின் பாக்கிச்சீட்டின் மேல் வைத்து
இழுப்பறையைத் தள்ளினேன். பாதியில் சிக்கியது,
அது எப்போதும் சிக்கும்.
பதினைந்தாவது ஆள்
சாக்கை விரித்துப் பிடித்திருந்தார்.