ஆறாம் வேற்றுமை

கொச்சியில் இறங்கிய கன்டெய்னர்
பாலக்காடு தாண்டி, கஞ்சிக்கோட்டில் வாய் திறந்தது.
குழாய்த் தலைகள், கதவுக் குமிழ்கள்,
யார் வீட்டையோ பூட்டிய பூட்டுகள்.
சீட்டில்: பித்தளை, கலப்பு, இத்தாலி.

பிரிப்பு மேசையில் மயிலாத்தாள்.
வேலந்தாவளத்திலிருந்து ஆறரை பஸ்.
காந்தத்தில் ஒட்டுவது ஒரு பக்கம், ஒட்டாதது மறுபக்கம்,
சந்தேகம் என்னிடம்.
பத்துக் கிலோ நிறைந்த தட்டுக்கே கூலி.
ஒன்பதே முக்கால் என்றால் அது தட்டே இல்லை.

"ஒட்டல. பட்டனா வாசரான்னு பாருங்க"
என்று நீட்டினாள்.
உள்ளங்கையில் ஒரு தாடிக்காரன்.

என்னிடம் இருப்பது உலோகம் பிரித்துச் சொல்லும் கருவி.
உருவம் துப்பாக்கி, நாங்கள் கூப்பிடுவதும் துப்பாக்கி.
தலைக்கவசம் போட்ட போர்க்கடவுளின்
கன்னத்தில் வைத்து இரண்டு விநாடி அழுத்தினேன்.
செம்பு எண்பத்தெட்டு, வெள்ளீயம் ஏழு,
காரீயம் நாலேகால்.
மிச்சம் மண்.

மதியச் சோறு ஆற ஆறத் தேடினேன்.
இத்தாலியின் கால்விரலில் இருந்தார்களாம் பிரெத்தியர்.
யானைகளோடு பனிமலை தாண்டி வந்தவனை நம்பி
ரோமாபுரியை எதிர்த்தவர்கள்.
படைக்குப் படியளக்க வெண்கலம்.
போர் நீள நீளக் காசு இளைத்தது,
கடவுளின் கன்னம் மட்டும் அப்படியே.
எங்கள் பி லைனிலும் யானை உண்டு.
நேற்றிரவு வாளையார்க் காட்டில்
பாசஞ்சர் விளக்கைத் தாழ்த்தி
ஊர்ந்துதான் வந்தது.

லென்ஸில் வைத்தால்
தாடிக்காரன் காதுக்குப் பின்னால் இன்னொரு காது.
வேறு ஊர்க் காசைச் சூடேற்றி
அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள், அவசரம்.
தோற்ற ஊரோ, சேர்ந்த ஊரோ,
அடியில் கிடந்து
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மறுபக்கம் கேடயத்தோடு ஒருத்தி நடக்கிறாள்.
அவள் முழங்காலருகே எழுத்து.
'பிரெத்தியருடைய' என்று இருக்க வேண்டுமாம்.
ஆறாம் வேற்றுமை.
பள்ளியில் நான் மதிப்பெண் இழந்த இடம்.
அவர்களுடைய எது என்று சொல்வதில்லை:
காசா, நாடா, கடனா.
இந்தக் காசில் அதுவும் இல்லை.
தகடு சின்னது, அச்சு பெரியது,
கடைசி இரண்டெழுத்து விளிம்புக்கு வெளியே விழுந்துவிட்டது.
உருபு போனபின் நிற்பது வெறும் பெயர்.
தோற்றபின் நிலமும் போய்
ரோம அதிகாரிகளின் ஏவலாட்களாக
முன்னும் பின்னும் நடந்தார்களாம்.

அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை.
"ரெண்டாயிரத்திருநூறு வருசம்" என்றேன்.
"எவ்ளோ போவும்?"
"பத்து நாள் கூலி வரும், வாசலைத் தாண்டினால்."
வாசலில் சசீந்திரன்.
தாலிக் குண்டுக்கே மூன்று முறை கத்தும்
அவன் கையிலிருக்கும் டிடெக்டர்.
சிரித்துவிட்டாள்.
"அப்ப இது என்னுதில்ல."

நாலே முக்காலுக்கு எடை.
அவள் தட்டு
ஒன்பது கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு.
தராசுக்காரன் உதட்டைப் பிதுக்கினான்.
சிவப்பு எண்கள் நடுங்கி நின்றன.
அவள் என் பக்கம் திரும்பவில்லை.
மடியிலிருந்து எடுத்து
குழாய்த் தலைகளுக்கு மேலே
தாடிக்காரனை மல்லாக்க வைத்தாள்.
பத்து.

வியாழன் உலை.
இந்த மாத ஆர்டர்
பீரங்கிக் குண்டின் இடுப்பில் ஏறும் வளையம்.
உருகியதில் ஒரு கரண்டி வார்த்து, ஆறவிட்டு,
மறுபடியும் துப்பாக்கி.
வெள்ளீயம் எல்லைக்குள்.
காது எதுவும் தெரியவில்லை.
'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை.
சனிக்கிழமை
கையுறையை உதறியபடி வந்து சொன்னாள்:
"இன்னொன்னு கெடச்சா
கதை வேண்டாம்.
மொதல்ல எடை பாருங்க."