எடைமேடை, லங்காப்

ஒரு லோரிக்கு நூற்றிருபது கிலோ.
காற்றைக் குலையென்று எழுதி
மச்சினன் லோரிக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறான்
பரஞ்சோதி, என் கிராணி, பதினோரு வருஷம்.
எந்த வருஷத்திலிருந்து என்பது
அவனுக்கும் மச்சினனுக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த அன்று
வாசலில் ஆறு லோரி, நிறையச் செம்பனை.
சீட்டுக் கட்டை அவன் முகத்தில் வீசி
திருடா என்றேன்.
மழைக்கு முந்தின காற்று.
சாக்கடை தாண்டி
ஆ செங் டயர்க் கடை அஞ்சடி வரைக்கும் பறந்தன சீட்டுகள்.
பொறுக்க முடிந்தது மூன்று.

தெலுக் இந்தான் வக்கீலம்மா
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.
விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தீர்களா?
விசாரணை வைத்தீர்களா?
அவன் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு நாற்காலியாவது?

அவன் திருடியதற்குச் சாட்சி
மூன்று சீட்டு, அதில் ஒன்று நனைந்தது.
நான் திருடா என்றதற்கு
ஆறு டிரைவர், அவர்களின் ஆட்கள்,
நாசி லெமாக் விற்கும் கமாரியா.

ஈப்போவில் சமரசம் பேசினார்கள்.
எட்டு மாதச் சம்பளம், நாலு தவணை.
இருவரும் ஒப்பும் கடிதத்தில்
திருட்டு முதலில் போனது,
பிறகு மோசடி,
பிறகு முறைகேடு.
'எடைப் பதிவில் வேறுபாடு' மட்டும்
நனைந்த கோழி மாதிரி நின்றது.
கையெழுத்துப் போட்டேன். பேனா அவனுடையது.

கோயில் உண்டியலை இன்னும் அவன்தான் எண்ணுகிறான்.
எனக்கு வாய் நீளம் என்கிறார்கள், அது பரவாயில்லை.
நாலு ஏக்கர் வீரையன் கேட்டதுதான்:
"கிராணி உங்களுக்குக் கூட்டி எழுதினான் சரி,
எங்களுக்குக் குறைச்சு எழுதினது யாரு?"
அதற்கப்புறம் அவர் குலைகள்
ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் போகின்றன.

அதிகாரி வந்தார், இரும்புக் கல் வைத்துப் பார்த்தார்,
சரி என்று வில்லை ஒட்டினார்.
வில்லையை யாரும் படிப்பதில்லை.
ஒரு ராத்திரி கதவடைத்துவிட்டு
மேடையில் நானே ஏறி நின்றேன்.
பத்துப் பத்தாகத்தான் காட்டும்.
அறுபது என்றது, இறங்கி ஏறினால் எழுபது.

நேற்று ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து போன்.
உரக்கடை முதலாளி, மரியாதையான குரல்.
"பரஞ்சோதின்னு ஒருத்தர் வந்திருக்கார்.
உங்ககிட்ட இருந்தாராமே, ஆள் எப்படி?"

நேரத்துக்கு வருவார் என்றேன்.
எழுத்து அழகாக இருக்கும் என்றேன்.
"அப்புறம் ஏம்மா விட்டீங்க?"

வாசலில் ஹாரன் எதுவும் இல்லை.
லோரி வந்துருச்சு, வச்சிடறேன் என்றேன்.