பிடி

தங்கச்சிமடம் கோயில் ஹாலில்
கேட்ச் என்றால் பிடி என்றேன்.
மீன் பிடி, பஸ் பிடி, சளி பிடிக்கும்:
எல்லாம் ஒத்து வந்தது.
"என்னையப் பிடிச்சிருக்குன்னாரே, அதுவுமா?"
அதற்கு வேறு வார்த்தை என்றதும்
நண்டுக் கம்பெனிப் பெண்கள் சிரித்து முடிக்கவே
கரண்ட் போய் வந்துவிட்டது.

மீனை, அவரை என்கிற நம்ம 'ஐ'
இங்கிலீஷில் கிடையாது.
வினைக்கு முன்னால் நிற்பவர் பிடிப்பவர்,
பின்னால் நிற்பவர் அகப்பட்டவர்.
நிற்கிற இடம்தான் கணக்கு.

பிரகாசி நோட்டை நீட்டினாள்:
ஹஸ்பெண்ட் கேட்ச் நேவி.

மாற்றிப் போடணும்மா.

எச்சில் தொட்டு அழித்தாள்; தாள் கிழிந்தது.
"நடுவுல கோடே இல்லையே டீச்சர்,
எந்தப் பக்கம் நிக்கிறோம்னு
ராத்திரியில அவருக்கு எப்படித் தெரியும்?"

இறந்தகாலம் காட் என்று
அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.
திங்கட்கிழமை பார்ப்போம் என்றேன்.