ஐம்பத்து நான்கு புள்ளி ஒன்று

புனலூரிலிருந்து சஜீவன்
பேக்கரி டப்பாவில் கொண்டு வந்தார்
சிவப்பு வட்டுகள் நாலு.
அல்வா என்றுதான் நினைத்தேன்.

ஸ்பேசர், என்றார்.
டயர் ஒரு விரற்கடை வெளியே வரும்,
வண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்.
எந்த வண்டிக்கு, என்றேன்.
எல்லா வண்டிக்கும் சேருமாம்.

எல்லாருக்கும் சேருகிற செருப்பை
நான் இதுவரை கண்டதில்லை.

ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள்,
அந்த வருசத்தில் ஒரே பெண்.
சீதனமாய் வந்ததில் எனக்குப் பிடித்தது
என் வெர்னியர் மட்டும்.
வீலைக் கழற்றி ஹப்பின் மூக்கை அளந்தேன்:
ஐம்பத்து நான்கு புள்ளி ஒன்று.
வட்டின் நடுத்துளை எழுபத்து நான்கு.
"மிச்சமெல்லாம் காற்று."
"போல்ட்டு பிடிச்சோளும் எடீ, சாரமில்ல."
"போல்ட்டு இறுக்கும். நடுவைக் காட்டுவது மூக்கு."
அவர் சிரித்தார்.
அடுப்பில் பால் பொங்கியது, உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறு நான் இலஞ்சிக்குப் போயிருந்த நேரம்
நாலையும் மாட்டிவிட்டார்.
புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் தாண்டி,
தென்மலை வரை மழையில் போய்த்
திரும்பி வந்தவர்
சாவியை ஆணியில் மாட்டாமல்
கையிலேயே வைத்திருந்தார்.
எழுபதைத் தொட்டால்
ஸ்டியரிங் பிடிபட்ட தவளை மாதிரித் துடிக்கிறதாம்.

ஜாக்கி வைத்தேன்.
நட்டைத் தளர்த்தி விரலால் எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று. நாலு,
உள்ளங்கையில் வந்து விழுந்தது.
எட்டுச் சுற்றாவது பிடித்திருக்க வேண்டும்.
மிச்ச நாலு சுற்றை
அந்த மலைப்பாதையில்
யார் பிடித்துக்கொண்டு வந்தார்கள்?

அவர் பதில் சொல்லவில்லை.
அன்று சோற்றில் மோர் ஊற்ற மறந்தார்.
நானும் நினைவூட்டவில்லை.

கோயம்புத்தூர் பார்சல் வர ஒன்பது நாள்.
அடித்து, கடைந்து, தனக்கென்று போல்ட்டு வைத்தது.
உள்ளே ஹப்பின் மூக்கு உட்காரும் மடி,
வெளியே வீல் உட்கார இன்னொரு மூக்கு.
இருபது போதும் என்றார்.
பழைய போல்ட்டின் நீட்டமே இருபத்து மூன்று,
புது முகத்தில் குத்தும்.
இருபத்தைந்து, என்றேன்.
பின்பக்கம் மட்டும்.
முன்பக்கத்தை அது பாட்டுக்கு விடுங்கள்,
இந்த ரோட்டில் அதற்கு வேலை ஜாஸ்தி.

கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தேன்.
ஒரு மணல் துணுக்கு இடையில் கிடந்தாலும்
உட்கார்ந்ததாகத்தான் தோன்றும், உட்காராது.
கோட்டைச்சாமி வொர்க்‌ஷாப்பில்
டார்க் ரெஞ்ச் வாடகை நூறு ரூபாய்.
எதிரும் புதிருமாய் நாலு நட்டு.
நூற்று மூன்றில் அது
நாக்குத் தட்டியது: டக்.
"அதென்ன சத்தம்?"
"போதும் என்கிறது."

அப்புறம் அவர் அம்மா தந்த
ஏழு பலாப்பழம் டிக்கியில்,
பின்சீட்டில் மூன்று மச்சினன்மார்.
பள்ளத்தில் இறங்கும்போது
மட்கார்டுக்குள் டயர் லேசாய் உரசியது.
பழத்தில் இரண்டை ஆரியங்காவில்
ஒரு டீக்கடைக்குக் கொடுத்தோம்.
உரசல் நின்றது. சரியான தீர்வில்லை,
தெரியும்.

செக்போஸ்ட்டில் ஒருவர் குனிந்து பார்த்தார்.
பின்சக்கரத்தையா, பலாப்பழத்தையா,
சொல்ல முடியாது.
போகலாம் என்று கை காட்டும்வரை
சஜீவன் மூச்சுவிடவில்லை.

நூறு கிலோமீட்டர் ஓடியதும்
மறுபடி இறுக்க வேண்டும் என்று
அட்டையில் எழுதியிருந்தது.
மீட்டர் நூறு காட்டிய இடம் கொல்லம் கடற்கரை.
மச்சினன்மார் தண்ணீருக்கு ஓடினார்கள்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
சஜீவன் சக்கரத்தின் அருகே உட்கார்ந்தார்,
ரெஞ்சுக்குக் கை நீட்டினார்.

மூன்று நட்டு அசையவே இல்லை.
நாலாவது
ஒரு மயிரிழை திரும்பி, டக்.

என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.