ஏழாம் கேள்வி

டயர் மாற்றும் கடையில்
மடியில் இருபத்தெட்டு விடைத்தாள்களோடு
காத்திருக்கிறேன்.
ஒஷாவாவில் நவம்பர், முதற்பனி.
கோப்பி இயந்திரம் ஒருமுறை இருமி ஓய்கிறது.
கண்ணாடிக்கு அப்பால் என் கார்,
சக்கரங்கள் கழற்றப்பட்டு, அந்தரத்தில்.

விகிதமும் வீதமும். ஏழாம் வகுப்பு. நாற்பது புள்ளி.
கேள்விகள் நான் எழுதியவை.
விடைகளையும் நானே எழுதி வைத்திருக்கிறேன்,
பச்சைத் தாளில், எட்டு வரியில்.

மூன்றாம் கேள்வி:
உறைந்த தோடம்பழச் சாறு ஒரு டின்னுக்குத்
தண்ணீர் மூன்று டின்.
இரண்டு டின் சாறுக்கு எவ்வளவு?
பச்சைத் தாள் ஆறு என்கிறது.
ஹொவாக்கின் எட்டு என்கிறான்.
பக்கத்தில், பென்சிலில்:
சித்தப்பா வீட்டார் வந்தால் பத்து.
அரைப் புள்ளி போட்டேன்.

ஐந்தாம் கேள்வி:
நாற்பது பிள்ளைகளில் பதினைந்து சதவீதம்
பள்ளிக்கு நடந்து வருகிறது.
ஆறு பேர். சரி.
கீழே சுனைரா சேர்த்திருக்கிறாள்:
ஏழாவது நான்.
கணக்கெடுத்த அன்று எனக்குக் காய்ச்சல்.
சிரித்துவிட்டேன்.
எதிரே இருந்தவர் தொலைபேசியிலிருந்து நிமிர்ந்தார்.

பிறகு ஏழு.
எண்பது டொலர் சப்பாத்து.
இருபத்தைந்து சதவீதம் கழிவு.
காலுக்குப் போடுவதற்குக் கால் பங்கு கழிவு என்று
எழுதிய இரவில் எனக்குள் தமிழில் ஒரு சின்னச் சிரிப்பு.
வகுப்பில் அதைச் சொல்ல வழியில்லை.

இருபது பேர் அறுபது என்றார்கள்.
நால்வர் இருபதிலேயே நின்றுவிட்டார்கள்,
கழிவைக் கண்டுபிடித்துக் கழிக்க மறந்து.
ஒருத்தி எண்பதிலிருந்து இருபத்தைந்தை
அப்படியே பிடுங்கிவிட்டாள்.
இருவர் வெறுந்தாள்.

சாருஜன்:
அறுபத்தேழு டொலர் எண்பது சதம்.

சிவப்புப் பேனா தானாக இறங்கி
ஒரு கோடு கிழித்தது.
இரண்டாவது கோட்டுக்கு முன்
செய்கையைப் பார்த்தேன்.
அறுபது என்று சரியாகத்தான் வந்திருக்கிறான்.
அங்கே நிற்கவில்லை.
ஐந்து வீத வரி சேர்த்து அறுபத்து மூன்று,
அதை அழித்து,
பதின்மூன்று வீதம் சேர்த்து மறுபடி.
ஓரத்தில், சாய்ந்த எழுத்தில்:
போன வருடம் ஆறு. இப்போது ஆறரை.
ஆறுக்கு மேல் பெரியவர்களின் வரி.
வித்தியாசம் 4.80.

தொலைபேசியில் தேடிப் பார்த்தேன்.
உண்மைதான். ஆறாம் அளவு வரைக்கும்தான்
இந்த மாகாணத்தில் கால் குழந்தை.
பன்னிரண்டு வயதில்
அரை அளவால் பெரியவனாகியிருக்கிறான்.
அதை அவனுக்குச் சொன்னது
கடையில் ஒரு ரசீது.

கேள்வியில் வரி இல்லை, சேர் என்று நான் சொல்லவில்லை.
சொல்லாத ஊரிலா அவன் சப்பாத்து வாங்குவான்?
நான்கில் எத்தனை கொடுப்பது?
மூன்று எழுதினேன். வெட்டினேன்.
நான்கு எழுதி, அந்த முதற்கோட்டை
ஒரு 'சரி'யாக வளைக்கப் பார்த்தேன்.
அது எதைப்போலவும் வரவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள்.
கார்டைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.
பத்திரத்தைப் பிரித்தது காருக்குள்தான்:
நூற்றுப் பதினெட்டு, வரி பதினைந்து முப்பத்து நான்கு.
பதினெட்டு வருடமாக வீதம் கற்பிக்கிறேன்.
பணம் கட்டும்போது
நான் அந்த வரியைப் பார்த்ததேயில்லை.

திங்கட்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.
கீழே பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
புதுச் சப்பாத்து, நீலம், வெள்ளை நாடா.
தாளை வாங்கிக்கொண்டு அவன்
தன் மேசைக்குத் திரும்பி நடந்தான்,
தரை சுடுகிறதுபோல,
விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு.

எந்த அளவு என்று
நான் கேட்கவில்லை.