இருபத்துநான்காவது பச்சை

இந்த ஆண்டு முதல் நான் பெயர் கூப்பிடுவதில்லை.
வகுப்பு வாசலில் ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள்.
வருகிற பிள்ளை தன் முகத்தைத் தானே தொட வேண்டும்.
தொட்டால் பச்சை.
ஒன்பதரை வரை சாம்பலாகவே இருக்கும் முகங்களின் வீட்டுக்குக்
குறுஞ்செய்தி தானாகப் போய்விடும்.

நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்றான்
பயிற்சி கொடுக்க வந்த இளைஞன்.
நம்பாமல் அளந்து பார்த்தேன்.
பதினான்கு.

பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருக்கிறது.
பத்தொன்பது வருடம் ஆறிய தேநீரே குடித்தவளுக்கு
நாக்குச் சுடுவதும் ஒரு சம்பள உயர்வு.
பெயர் கூப்பிட்ட காலத்தில்
‘யெஸ் மிஸ்’ என்கிற குரலை வைத்தே
யாருக்குத் தடிமன், யார் வீட்டில் சண்டை என்று
கண்டுபிடித்துவிடுவேன் என எழுதினால் அழகாயிருக்கும்.
உண்மையில் தலை நிமிராமல் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

டூன்சைடில் ஜூன் மாதக் காலை, நான்கு டிகிரி.
குளிர்ந்த விரலை
விரலென்றே ஒப்புக்கொள்வதில்லை இந்தத் திரை.
வரிசையில் நின்று
ஊதி ஊதித் தொடுகிறார்கள் பிள்ளைகள்.

செவ்வாயன்று திரை முழுக்கப் பச்சை.
இருபத்துநான்கு.
பாராட்டி ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியது.
பாயில் உட்கார்ந்திருந்த தலைகள்
இருபத்துமூன்று.
மறுபடி எண்ணினேன்.
கழிவறையில் யாருமில்லை,
பை மாட்டும் கொக்கிகளில் ஒன்று வெறுமை.

அல்தியா.

வயிற்றில் கல்லோடு போன் போட்டேன்.
ஏழாவது மணிக்கு அவள் அம்மா எடுத்தாள்:
காய்ச்சல், மிஸ். இரவு வேலை முடிந்து வந்து
சொல்ல நினைத்தபடியே தூங்கிப்போனேன். மன்னியுங்கள்.
பின்னால் அல்தியா இருமுவது கேட்டது.
அந்த இருமலைப் போல் இனிய சத்தம்
அன்று வேறெதுவும் கேட்கவில்லை.

யார் தொட்டது என்று நான் கேட்கும் முன்பே
லொபெட்டி கையை உயர்த்திவிட்டான்.
ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.
“அவள் மட்டும் சாம்பலா இருந்தாள், மிஸ்.
தொட்டேன்.
சரியாகிவிட்டாள்.”

பச்சையைத் திரும்பச் சாம்பலாக்க
அலுவலகக் கடவுச்சொல் வேண்டும்.
கடவுச்சொல்லை மாற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது.
கடைசியில் ஒரு கட்டம் விழுந்து கேட்டது:
பிழைக்குக் காரணம் என்ன?
கருவிக் கோளாறு. பயனர் தவறு. மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
நாற்பது எழுத்துக்குள் விளக்கு என்றது.
யோசித்து யோசித்து
ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

வகுப்புக்குத் திரும்பினால் தேநீரில் ஆடை.
லொபெட்டியிடம், இனி அடுத்தவர் முகத்தைத்
தொடக் கூடாது என்றேன்.
ஏன் என்றான்.
சட்டம் என்றேன், வேறு பதில் கிடைக்காமல்.

வியாழக்கிழமை அல்தியா வந்தாள், மூக்குச் சிவந்து.
திரை அவள் விரலை இரண்டு முறை மறுத்தது.
பின்னால் நின்றவன்
திரையை விட்டு ஒரு முழம் தள்ளியே நின்று,
சட்டம் மீறாமல்,
அவள் விரலைப் பிடித்து ஊதினான்.

பச்சை.

இப்போதெல்லாம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்
தலைகளையும் ஒருமுறை எண்ணிவிடுகிறேன்.
அதற்கு இரண்டு நிமிடம்.
மிச்சம் பன்னிரண்டு.
அந்த இளைஞன் கணக்கில் கெட்டிக்காரன்தான்.